இங்கேயே குடிக்க வேண்டும்

அறுபதுகளின் நடுவில் சில வருடங்கள், அரசாங்கம் கொடுக்கும் பாலை மற்றவர்கள் குடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பது என் உத்தியோகமாக இருந்தது. கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். வேலை உத்தரவு வந்த அன்று அண்ணாவும் அப்படித்தான் கேலி செய்தார். "படிச்சுப் பாஸ் பண்ணிட்டு, அடுத்தவா வாயைப் பாக்கற வேலைக்குப் போறயாக்கும்!" நான் படித்தது மனையியல். வேலை கிடைத்தது தாராவியில், கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் தினமும் பால் கொடுக்கும் ஒரு நிலையத்தில்.

நிலையம் என்று பெரிதாகச் சொல்கிறேன். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை அது. ஒரு கதவு, ஒரு ஜன்னல், சுவரோரம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பால்பவுடர் டிரம்கள். காலையில் மௌஷி வந்து பெரிய அண்டாவில் தண்ணீர் காயவைத்துப் பவுடரைக் கரைப்பாள். அவள் பெயர் மௌஷி இல்லை; மராத்தியில் சித்திக்குச் சொல்வது அது, வயதான ஆயாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பாலோடு ஒரு உருண்டையும் உண்டு. நிலக்கடலைப் பிண்ணாக்கையும் கடலைப் பருப்பையும் அரைத்து, வைட்டமின் கலந்து, மூட்டை மூட்டையாக ஒரு மாவு வரும். அதை வெல்லப்பாகில் உருட்டிக் கொடுப்போம். முதல் நாள் அதை வாங்கிப் பார்த்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, "யாத்தே, ஊர்ல மாட்டுக்கு வைக்கிறத பம்பாய்ல மனுசருக்கு வைக்காவ" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அரசாங்கத்தின் ஆளாக நிற்கும்போது சிரிக்கக் கூடாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் படங்கள் மாட்டியிருந்தோம். மாலைக்கண் வந்த குழந்தை, கால் வளைந்த குழந்தை, நாக்கு வெளுத்த பெண், வாயோரம் வெடித்துப் புண்ணான பெண். சரியான சாப்பாடு இல்லாமல் வரும் வியாதிகளை, வந்தபின் மருந்து கொடுத்துத் துரத்துவதைவிட வரும்முன் சாப்பாடு கொடுத்துத் தடுப்பது மலிவு என்று மேலிடத்தில் யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். நல்ல கணக்கு. அதில் எனக்கு இன்றும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரேஷனில் அரிசி கொஞ்சமாகவும் கோதுமை நிறையவும் வந்த காலம். கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு, அரிசிச் சோற்றை ஆம்பிளைக்கு எடுத்து வைத்த பெண்கள் அந்தச் சந்துகளில் ஏராளம்.

அந்தப் பெண்களைத் தெரிந்த யாரோதான் எங்கள் ஒரே கண்டிப்பான சட்டத்தையும் போட்டிருக்க வேண்டும். பாலை இங்கேயே குடிக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இந்தியிலும் மராத்தியிலும் சுவரில் எழுதியிருந்தது. தமிழில் நான் சாக்பீஸால் எழுதி வைத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு மௌஷியின் தொண்டை இருந்தது. "இதரிச் பீனே கா!" என்று அவள் கத்தினால் ரயில் தண்டவாளம் வரை கேட்கும். வீட்டுக்குப் போன பால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். புருஷனுக்கு டீ ஆகும், மூத்த பையனுக்குத் தயிர் ஆகும். கர்ப்பிணிக்கு டம்ளரைக் கழுவின தண்ணீர்தான் மிஞ்சும்.

சட்டத்தை நான் கறாராக நடத்தினேன். ஒவ்வொருத்தியும் கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஊருக்கெல்லாம் இப்படிச் சாப்பாட்டுப் பாடம் எடுத்த நான் என்ன சாப்பிட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஆள் இல்லை.

அதைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த வருடமே அண்ணா மாதுங்காவில் இருந்த வாடகை வீட்டை விட்டு முலுண்டுக்குக் குடிபோனார். ஒற்றைப் படுக்கையறை, இரண்டு குழந்தைகள், மன்னியின் அம்மா வேறு. "உனக்கு அங்கேர்ந்து வேலைக்கு வரது கஷ்டம் இல்லையா?" என்று அண்ணா கேட்டார். "ஆமாம், கஷ்டம்தான்" என்று நான் சொன்னேன். இருவருக்கும் அத்துடன் நிம்மதி. செம்பூரில் ஒரு சிந்திக்கார விதவையின் வீட்டில் பின்னறை ஒன்று கிடைத்தது. சமையலறையைக் காலையில் ஒரு மணி நேரம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். காலையில் செய்வதை டப்பாவில் அடைத்துக்கொண்டு வருவேன். நிலையத்தில் எல்லோரும் போன பிறகு டிரம்களுக்கு நடுவே நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். மீதியை ராத்திரி சாப்பிடுவேன். மாதத்துக்கு ஒருமுறை முலுண்டு போனால் அண்ணா ஜாதகப் பேச்சை எடுப்பார். பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், தாராவியில் வேலை என்று கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தது. அதற்கப்புறம் அண்ணாவும் அந்தப் பேச்சை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

நான் சொல்ல வந்தவள் நிலையத்துக்கு வந்தது ஒரு கோடைக்காலத்தில். அவளும் திருநெல்வேலிப் பக்கம். புருஷனுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. ஒல்லியாக, நெட்டையாக, புடவையை வயிற்றின் மேல் இழுத்து இழுத்து மூடிக்கொண்டு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் டம்ளரையும் உருண்டையையும் வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். மௌஷி கத்தினாள். நான் ஓடிப்போய் வழியை மறித்தேன். அவள் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

வாரம் ஒருமுறை வரும் லேடி டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. உடம்பில் ரத்தமே இல்லை. நாக்கும் நகமும் ஊறவைத்த அரிசி மாதிரி வெளுத்திருக்கின்றன. இப்படியே பிரசவத்துக்குப் போனால் இந்தக் குழந்தை போவது மட்டுமல்ல, இவளும் தப்புவது சந்தேகம். "மாத்திரை மட்டும் போதாது, அவள் சாப்பிட்டாக வேண்டும். எப்படியாவது சாப்பிட வையுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

எப்படியாவது என்றால் எப்படி? எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. பாலை வைத்துக்கொண்டு நாங்கள் நிற்கிறோம், இவள் பிகு செய்கிறாள். அடுத்த நாள் அவள் டம்ளரை நீட்டியபோது நான் வாங்கவில்லை. சந்து முனைவரை கூடவே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குக் குழந்தை வேணுமா வேண்டாமா, அதை முதல்ல சொல்லு."

அவளுடைய கண் நிறைந்துவிட்டது. "வேணும்னுதான டீச்சரம்மா குடிக்க மாட்டேங்கேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் நாலு பேர் பார்க்கத் தின்னக் கூடாதாம். கண் பட்டுவிடுமாம். "போன தடவ வாசல்ல உக்காந்து ஒரு மாம்பழம் தின்னேன். பக்கத்து வீட்டுக்காரி நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. அன்னைக்கு ராத்திரியே வயிறு கல்லா இறுகிட்டு. புள்ள பொறந்துச்சு, தங்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இங்கன வரிசையில அம்புட்டுப் பொம்பளயளும் வாயத்தான பாக்காவ. நீங்களும் பாக்கீங்க. எப்பிடிக் குடிக்க?"

கண் படுவதெல்லாம் பொய், ரத்தம் இல்லாததுதான் காரணம் என்று நான் கரடியாய்க் கத்தியிருக்கலாம். கத்திப் பார்த்திருக்கிறேன், மற்றவர்களிடம். பலன் இருந்ததில்லை. தவிர, பார்ப்பதுதான் என் வேலை. பார்க்காமல் விட்டால் பால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. பார்த்தால் இவள் குடிக்க மாட்டாள். சட்டம் போட்டவர்கள் எத்தனையோ யோசித்திருந்தார்கள், இதை யோசிக்கவில்லை.

"சரி, யார் பார்த்தா பரவாயில்லை?" என்று கேட்டேன். சலிப்பில் கேட்ட கேள்விதான். அவள் உடனே பதில் சொன்னாள்.

"கூட உக்காந்து திங்கவ பாத்தா ஒண்ணுமில்ல. அவ கண்ணு அவ கும்பாவுலல்லா இருக்கும்."

அந்த நியாயத்தில் எனக்குக் குறை காண முடியவில்லை. கூடச் சாப்பிடுகிறவள் தன் தட்டைத்தான் பார்ப்பாள். மறுநாள் அவளைக் கடைசியாக வரச் சொன்னேன். மற்றவர்கள் போன பிறகு, டிரம்களுக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்து, என் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். அவள் டம்ளரோடு வந்து, எனக்கு எதிரே, இன்னும் ஓர் ஆள் உட்காரலாம் போல இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். எதற்காகத் தள்ளி உட்கார்ந்தாள் என்று இருவருக்கும் தெரியும். மன்னி இந்த இடத்தில் இருந்திருந்தால் அந்த இடைவெளியும் போதாது என்றிருப்பாள்.

"ஏன் அவ்வளவு தூரத்துல உட்கார்ந்திருக்கே?"

"ஒங்களுக்கு எப்பிடியோன்னுதான்..."

"எனக்கு ஒண்ணும் இல்லை. மௌஷி தரையைத் துடைக்கணும், கிட்ட வந்து உட்காரு."

வந்தாள். தோலின் வாடையும் அவளோடு வந்தது. முதல் இரண்டு நாள் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை என்பது உண்மை. மூன்றாவது நாள் வாடை இருந்ததா என்று நினைவில்லை. அவள் பாலைக் கடகடவென்று குடிக்க மாட்டாள். ஒரு வாய் பால், ஒரு கடி உருண்டை, நடுவில் ஊர்ப்பட்ட பேச்சு. புருஷனைப் பற்றி, தண்ணீர்க் குழாயடிச் சண்டையைப் பற்றி, முந்தாநாள் சந்தில் நுழைந்த எருமையைப் பற்றி. நான் என் டப்பாவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். நிமிர்ந்து அவள் வாயைப் பார்த்துவிடக் கூடாதே என்று எனக்கும் பயம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒருநாள் அவள் சுவரில் இருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, அந்தப் படத்துல இருக்கவளுக்கும் ஒங்களுக்கும் ஒரே வாயி" என்றாள். வாயோரம் வெடித்த பெண்ணின் படம் அது. என் வாயோரமும் பல மாதங்களாக வெடித்துத்தான் கிடந்தது. மோர் சாதமும் ஊறுகாயுமாக நாளை ஓட்டினால் வேறு என்ன ஆகும்? மௌஷி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று சாயங்காலம், செம்பூர் வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கை மரத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன்.

அந்த மரத்தால் எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஒரு சின்ன யுத்தமே நடந்தது. சிந்திக்காரர்கள் முருங்கைப் பூவைச் சமைப்பார்கள். நான் கீரைக்காகக் கிளையை வளைத்தால் பூ உதிர்ந்துவிடுகிறது என்று அவளுக்குக் கோபம். கடைசியில் கீழ்க்கிளைகள் எனக்கு, மேல்கிளைகள் அவளுக்கு என்று சமாதானம் ஆயிற்று. ரேஷன் கோதுமையை மாவாக்கி, கொஞ்சம் கடலை மாவு சேர்த்து, கீரையை அள்ளிப் போட்டு அடை தட்டினேன். ஒருத்திக்குச் செய்வதற்கு எனக்குக் கை வந்ததே இல்லை. இரண்டு பேருக்கு என்றால் உப்பு கூடச் சரியாக விழுந்தது. பால் குடிக்க வருகிறவள் வெளியிலிருந்து எதுவும் வாங்கித் தின்னக் கூடாது என்று எங்கள் சட்டத்தில் எங்கும் இல்லை. அடையை வாங்கிப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "சவத்துக் கோதும்பையில இப்பிடிக்கூடச் செய்யலாமா?" என்றாள்.

இப்படி ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்போதுதான் மேலதிகாரி சோதனைக்கு வந்தார். வருவதாகச் சொல்லவில்லை. டிரம்களுக்குப் பின்னால் சாக்கு விரித்து இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து வாய் அசைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதில் ஒருத்தி அரசாங்க ஊழியை. அவர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. என் டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார். கீரை அடை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் முகம் மாறவில்லை. வேறெங்கோ ஊழியர்களே பவுடரைத் தின்று தீர்த்திருந்தார்களாம். அந்த எரிச்சல் அவருக்கு. பால் கொடுக்கும் அறைக்குள் இனி ஊழியர்கள் எதையும், சொந்தச் சாப்பாடாகவே இருந்தாலும், சாப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டார். நான் கண் படும் விஷயத்தை விளக்கப் பார்த்தேன். "படித்த பெண் நீங்களுமா?" என்று கேட்டார்.

மறுநாள் அவள் வழக்கம்போல வந்து சாக்கில் உட்கார்ந்தாள். நான் வெறுங்கையோடு எதிரே உட்கார்ந்தேன்.

"நீங்க?"

"எனக்குப் பசிக்கலை. நீ குடி."

அவள் டம்ளரை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். குடிக்க முயலாமல் இல்லை. உதடுவரை கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள், கீழே வைத்துவிட்டாள். "வேண்டாம் டீச்சரம்மா. இவ்வளவு நாளு நல்லபடியா வந்துட்டு." வயிற்றைத் தடவிக்கொண்டே எழுந்து போனாள். ஆடை படிந்த அந்தப் பாலை எதிரே வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி மேல் கோபம், அவள் மேல் கோபம், கப்பலில் வந்த பவுடர் மேல் கூடக் கோபம். அவளுக்கு ஐந்தாவது மாதம். லேடி டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது.

ராத்திரி முழுக்க அந்த உத்தரவை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் படித்ததில் ஒரு வழி தென்பட்டது. அறைக்குள் நான் சாப்பிடக் கூடாது. அறைக்கு வெளியே அவள் குடிக்கக் கூடாது. சரி. மறுநாள் அவளை வாசற்படிக்கு உட்புறம் உட்காரவைத்தேன். நான் படியைத் தாண்டி வெளியே, சாக்கடையை மூடின கல்லின் மேல், சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். நடுவே வாசற்படி. டப்பாவைத் திறந்தேன். அவள் ஒரு நிமிஷம் திகைத்துப்போய்ப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பொங்கி வந்த சிரிப்பில் பால் பாதி சிந்திவிட்டது. மௌஷியிடம் வேறு டம்ளர் வாங்கிக் குடித்து முடித்தாள்.

அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் அப்படித்தான் சாப்பிட்டோம். உள்ளே அவள், வெளியே நான். மழை வந்தால் ஒரு கையில் குடை, ஒரு கையில் அடை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும், "என்ன டீச்சர், ஒங்களத் தூக்கி வெளிய போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மாதுங்காவிலிருந்து எங்களவர் யாராவது வந்து பார்த்திருந்தால், எதை முதலில் திட்டுவது என்று தெரியாமல் திண்டாடியிருப்பார்கள். அதிகாரி இன்னொருமுறை வந்தார். படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடையிலிருந்து தண்ணீர் என் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. டிரம்களை எண்ணிவிட்டுப் போனார்.

நான் பம்பாயில் சந்தோஷமாக இருந்த காலம் என்று கேட்டால் அந்தச் சாக்கடைக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்த மாதங்களைத்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை நிலையம் கிடையாது. செம்பூர் அறையில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், இன்றைக்கு அவள் என்ன சாப்பிட்டிருப்பாளோ என்று தோன்றும். அந்த யோசனையிலேயே என் தட்டு ஆறிப்போகும். பக்கத்து அறையில் வீட்டுக்காரி ரேடியோவைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிடும் சத்தம் கேட்கும். அவளோடு போய் உட்கார்ந்திருக்கலாம். அவளும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

லேடி டாக்டர் அடுத்த சில வாரங்களில் அவள் நாக்கையும் நகத்தையும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சிவப்பு ஏறியிருக்கிறது, பரவாயில்லை" என்றார். என் வாயோரப் புண்ணும் ஆறியிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை, அவள்தான் பார்த்தாள். "படத்துக்காரிய விட இப்ப நீங்க அழகு" என்றாள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வருவது நின்றது. முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று அவள் சந்துக்காரி ஒருத்தி சொன்னாள். அந்த இரண்டு நாளும் நான் பாலை யார் யாருக்கு ஊற்றினேன் என்று எனக்குத் தெரியாது. மௌஷிதான் முதலில் கேள்விப்பட்டு வந்தாள். "முல்கி!" என்று வாசலிலிருந்தே கத்தினாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். நான் உருண்டைக்கு வைத்திருந்த வெல்லத்தில் ஒரு கட்டியை உடைத்து மௌஷியின் வாயில் போட்டேன், என் வாயிலும் போட்டுக்கொண்டேன். அரசாங்க வெல்லம். அதிகாரி அன்று வரவில்லை.

பிள்ளை பெற்றவள் உடனே வெளியே வர மாட்டாள் என்று தெரியும். காத்திருந்தேன். பழக்க தோஷத்தில் வெளியே கல்லில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். கைக்குழந்தைக்காரிகளுக்கும் ஆறு மாதம் வரை பால் உண்டு, எப்படியும் வருவாள் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

வந்தாள். அவள் வரப்போவது சந்துக்காரி மூலம் முதல் நாளே தெரிந்திருந்ததால், விடிவதற்குள் எழுந்து நிறைய அடை தட்டியிருந்தேன். குழந்தையைத் துணியில் பொதிந்து தோளில் போட்டிருந்தாள். அதன் கன்னத்திலும் நெற்றியிலும் உள்ளங்காலிலும் காலணா அளவுக்கு மை. கடைசியில் வருவாள் என்று நான் நினைத்திருக்க, அவள் நடு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் டம்ளரை வாங்கி, அத்தனை பெண்களுக்கு நடுவே, தலையைப் பின்னால் சாய்த்து ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டாள்.

"கண் படாதா?" என்று கேட்டேன்.

"இனிமே எனக்கென்ன டீச்சரம்மா, எல்லாம் இவளுக்குத்தான்." குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினாள். "வாரேன், முழிச்சா அழுவா."

போய்விட்டாள். சட்டம் அதற்குமுன் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை. பால் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது, குழந்தை உயிரோடு இருக்கிறது, தாய் உடம்பில் ரத்தம் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு டப்பாவை எடுத்துப் போய்க் கல்லில் உட்கார்ந்தேன். வரிசையில் இன்னும் பெண்கள் நின்றார்கள். உள்ளே எதிரில் யாரும் இல்லாமல் டீச்சர் வெளியே உட்கார்ந்து எதற்குச் சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தேன். மெல்ல முடிந்தது, விழுங்க முடியவில்லை. டப்பாவை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் நிலையத்தில் சாப்பிடவில்லை. டிரம்களுக்கு நடுவே நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்ளும் பழைய வழக்கமும் திரும்ப வரவில்லை. கீழ்க்கிளைகளையும் வீட்டுக்காரிக்கே விட்டுக்கொடுத்தேன். அவள் ஆச்சரியப்பட்டாள், ஏன் என்று கேட்கவில்லை.

குழந்தையோடு அவள் மட்டும் நிலையத்துக்குத் தினமும் வந்தாள், குடித்தாள், ஓடினாள். கெட்டவள் இல்லை. போகும்போது ஒரு சிரிப்பு, குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஓர் ஆட்டு. கைக்குழந்தைக்காரிக்கு வேலை எவ்வளவு என்று எனக்குப் பாடப்புத்தகத்தில் தெரியும். குழந்தையைத் தராசில் நான்தான் வைத்து எடுப்பேன். எடை ஏறிக்கொண்டே வந்தது. கன்னம் தொங்கியது. தராசிலிருந்து தூக்கும்போது என் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள்.

ஆறு மாதம் முடிந்து, இனி அவளுக்குப் பால் கிடையாது என்று சொல்ல வேண்டிய நாள் வந்தது. சொன்னேன். "அதனால என்ன டீச்சரம்மா, குடுத்த வரைக்கும் புண்ணியம்" என்றாள். கடைசி டம்ளரை வாங்கிக்கொண்டவள் அன்று என்னவோ உடனே குடிக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"வாயோரம் மறுபடியும் வெடிச்சிருக்கே. இப்பல்லாம் டப்பாவே காணுமே, சாப்பிடுகதில்லயா?"

"எல்லாரும் பாக்கறா. தனியா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கலை" என்றேன். அவளிடம் சொல்லலாம் என்றுதான் சொன்னேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பில் குழந்தையை ஏற்றிக்கொண்டே, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒங்களுக்கு எதுக்குக் கண்ணு படப்போவுது? வயித்துல புள்ளையா இருக்கு?" என்றாள்.

வரிசை சிரித்தது. மௌஷிக்குத் தமிழ் தெரியாது, அவளும் சிரித்தாள். குழந்தை எல்லோரையும் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தது. கேலிதான், பிரியத்தில் வந்த கேலி. அது எனக்கு எங்கே போய்த் தைக்கும் என்று அவள் யோசித்திருக்க நியாயமில்லை. அவள் பாலைக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, வாசற்படியைத் தாண்டிப் போனாள்.

நானும் சிரித்தேன். வரிசையில் அடுத்தவள் முந்தானைக்குள்ளிருந்து கையை நீட்டினாள். டம்ளரில் பாலை ஊற்றி, இங்கேயே குடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.